மேசைமேல் நின்ற நாணயம்

2023ஆம் ஆண்டிலே ஒரு நாட்காலை, கண்சிகிச்சைக்காகச் சென்னைக்குச் செல்லும் பெரியப்பா ஒருவரை வழியனுப்புவதற்காகப் பலாலிக்குச் சென்றிருந்தோம். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் இருமுறை எண்ணிப் பார்த்தே கையொப்பமிட்டுப் பழகியவர். நாம் வாகனத்தை விட்டு இறங்கும் வேளையில் விமானம் தாழப் பறந்து தரையிறங்கியது. பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கிற்று.

“தம்பி, உது பழைய பிளேன் போலக் கிடக்குது. விசிறியெல்லோ பூட்டியிருக்கு. ஜெற் இல்லையோ?”

“இல்லைப் பெரியப்பா, உது புதுசுதான்” என்றோம். அவர் நம்பவில்லை. நம்பாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று வந்திறங்கியது ஏ.ரீ.ஆர். 72 என்னும் விமானம். பிரெஞ்சு, இத்தாலியக் கம்பனிகள் கூட்டாகக் கட்டுவது. அவ்வினத்தின் முதல் விமானம் பறந்தது 1988இல். உலகின் முதல் ஜெற் பிரயாணி விமானமாகிய பிரித்தானியக் கொமெற் பறந்ததோ 1949இல். அதாவது, பெரியப்பா புதியது என்று மதிக்கின்ற ஜெற், அவர் பழையது என்று தள்ளிய விமானத்துக்கு ஏறத்தாழ நாற்பது வருடம் மூத்தது! கால வரிசையே தலைகீழாக அவர் மனத்திற் பதிந்திருக்கிறது. அவர் மனத்தில் மட்டுமா? விசிறியைக் கண்டதும் முகஞ் சுளிக்காத பிரயாணி எந்த நாட்டிலும் அரியவரே. இந்தப் பாடத்தை இவர்களுக்குக் கற்பித்தவர் யார்?

பழைய விமானக் கம்பனிகளின் விளம்பரங்களைச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டி, “அந்தக் காலத்து விளம்பரத்தில் ஒரு நேர்மை இருந்தது, ஒரு கலை இருந்தது” என்று உருகுவோர் இன்று பெருகியிருக்கின்றனர். நமது ஆசிரியர் அறையிலும் இருவர் உளர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது: கலை இருந்தது, மறுக்கவில்லை. நேர்மையைப் பற்றி மட்டும் சற்றுப் பேசவேண்டும். பெரியப்பாவின் முகச்சுளிப்புக்கு விதை தூவியவர்கள் அந்த விளம்பரக்காரரே. அதைவிட விசித்திரம், அவர்கள் அன்று விற்க முனைந்ததும் இதே விசிறி விமானத்தைத்தான்.

முதலில் எந்திரத்தை விளங்கிக்கொள்வோம். பழைய விமான எஞ்சினில், மோட்டார் வண்டியிற் போலவே, உருளைகளுக்குள் பிஸ்டன்கள் முன்னும் பின்னுமாக ஓடும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு குத்து. அந்தக் குத்துகள் இறகு வழியாக உடலுக்கும், உடல் வழியாக ஆசனத்துக்கும், ஆசனம் வழியாகப் பிரயாணியின் முதுகெலும்புக்கும் வந்து சேரும். டர்பைனில் இந்தக் குத்து இல்லை. உள்ளிழுத்த காற்று அமுக்கப்படுகிறது; அதிலே எரிபொருள் இடையறாது எரிகிறது; விரியும் வாயு தகட்டுச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியைப் பற்சக்கரங்களாற் குறைத்து முன்னாலுள்ள சுழல்விசிறிக்குக் கொடுத்தால் அது டர்போபுரொப். றோல்ஸ் றோய்ஸ் கட்டிய டார்ட் எஞ்சினின் டர்பைன் நிமிடத்துக்கு 15,000 சுற்றுவரை ஓடும். அதன் விசிறி சுற்றுவது அதிற் பத்திலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஜெற்றிலே பின்புறமாகப் பீறிடும் தாரைதான் விமானத்தைத் தள்ளுகிறது. டர்போபுரொப்பிலோ பெரும்பங்கு வேலையை விசிறியே செய்கிறது. பின்னால் வெளியேறும் தாரையின் உதவி சொற்பம். இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். வழக்கு முழுவதும் இதன்மேலேதான் நிற்கிறது.

இந்த எந்திரத்தின் மீது நமக்கு ஒரு பகையும் இல்லை. அது பெருஞ் சாதனை. யுத்த காலத்திலேயே, யுத்தம் முடிந்தபின் பிரித்தானியாவுக்கு எத்தகைய பிரயாணி விமானங்கள் வேண்டும் என்று ஆராய பிரபாசன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் சிபாரிசுகளில் ஒன்றிலிருந்து பிறந்ததே விக்கர்ஸ் கம்பனியின் விஸ்கவுண்ட். வெய்பிரிட்ஜ் தொழிற்சாலையிலே முதலில் றெக்ஸ் பியர்சனும், பின்னர் ஜோர்ஜ் எட்வேர்ட்சும் அதன் அமைப்புக்குப் பொறுப்பாக இருந்தனர். 1948 யூலை 16இல் அது முதன்முறை பறந்தது. 1950 யூலை 29இல் இலண்டன் நோர்தோல்ற் நிலையத்திலிருந்து பாரிஸ் லெ பூர்ஜேக்குக் கட்டணம் செலுத்திய 14 பிரயாணிகளையும் விருந்தினர் சிலரையும் ஏற்றிச் சென்றது. கட்டணம் வாங்கி டர்பைன் விமானத்திலே மனிதரை ஏற்றிய முதற் பயணம் அதுவே. கொமெற் அந்தப் பெருமையைப் பெறவில்லை. 1953 ஏப்ரில் 18இல் பீ.ஈ.ஏ. கம்பனி அதை ஒழுங்கான சேவையில் இட்டு, இலண்டனிலிருந்து உரோம், அதென்ஸ் வழியாக நிக்கோசியாவரை ஓட்டிற்று. மொத்தம் நானூற்று நாற்பதுக்கு மேற்பட்ட விஸ்கவுண்டுகள் கட்டப்பட்டன. 

அதன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிறக்கும்போது பெயர் விஸ்கவுண்ட் அன்று, ‘வைசிராய்’! 1947 ஓகஸ்டில் இந்தியா சுதந்திரம் அடைந்தது. டில்லியில் வைசிராய் மூட்டை கட்டினார். ஆள் இல்லாத பதவியின் பெயரால் விமானம் விற்க முடியுமா? வைசிராய் இறங்கினார், விஸ்கவுண்ட் ஏறினார். சாம்ராச்சியம் ஒன்று சரிந்ததை விளம்பரப் பகுதி இவ்வளவு இலகுவாகச் சமாளித்துக்கொண்டது: ஒரு பிரபுப் பட்டத்தை எடுத்துவிட்டு இன்னொரு பிரபுப் பட்டத்தை ஒட்டினால் சரி. வெய்பிரிட்ஜில் அதன் தகடுகளை ஆணியடித்துப் பொருத்திய தொழிலாளியின் பெயரை அதற்கு இடலாம் என்று ஒருவருக்குந் தோன்றவில்லை.

இனி நாணயத்துக்கு வருவோம். விஸ்கவுண்டின் பிரசாரத்திலே மிகப் புகழ்பெற்ற காட்சி இது: விமானம் உயரப் பறந்துகொண்டிருக்கிறது, ஆசனத்தின் முன்னுள்ள சிறு மேசையில் ஒரு நாணயம் விளிம்பிலே நிறுத்தப்பட்டிருக்கிறது, அது விழவில்லை! சில வேளை நாணயத்துக்குப் பதிலாக ஒரு பென்சில் செங்குத்தாக நிற்கும். பத்திரிகையாளரை ஏற்றிச் சென்று காட்டினர், படமெடுத்து வெளியிட்டனர், பிரயாணிகளும் தத்தம் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து நிறுத்திப் பார்த்தனர். பிஸ்டன் எஞ்சின்களோடு குலுங்கிக் குலுங்கிப் பயணஞ் செய்து பழகிய தலைமுறைக்கு இது மாயவித்தை போலிருந்தது.

மாயவித்தை அன்று, உண்மை. நாணயம் நின்றது. விளம்பர உலகம் செய்த காட்சிகளில் இதைப் போல நேர்மையானது அபூர்வம் என்றே சொல்வோம். பிரயாணி தானே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை அது சொன்னது. நீள்வட்ட யன்னல்களைப் பற்றிச் சொன்னதும் அவ்வாறே. இரண்டடிக்கு மேல் உயரமான அந்த யன்னல்கள் உண்மையிலேயே அகலக் கண் விழித்திருந்தன. இந்த அளவிலே நின்றிருந்தால், அதிர்வு குறைவு, எரிபொருட் செலவு சிக்கனம், குறுகிய ஓடுபாதை போதும், யன்னல் பெரிது என்று உள்ளதை உள்ளவாறு சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது.

ஆனால் மேசைமேல் நாணயத்தை நிறுத்தியவர்களுக்குச் சொல்லிலே நாணயத்தை நிறுத்த மனம் வரவில்லை.

‘ஜெற்’ என்ற சொல் அப்போது பொன்விலை பெற்றிருந்தது. 1952 மே 2இல் பீ.ஓ.ஏ.சி.யின் கொமெற் இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்குச் சேவை தொடங்கிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் அது கொழும்புக்கும் வந்தது. வேகம், எதிர்காலம், விஞ்ஞானம் எல்லாம் அந்த ஓரசையில் அடங்கின. 1954 ஜனவரியிலும் ஏப்ரிலிலும் இரண்டு கொமெற்றுகள் மத்தியதரைக் கடலின்மேல் சிதறின. உலோகக் களைப்பினால் உடல் வெடித்தது என்று பின்னர் கண்டுபிடித்தனர். சேவை நின்றது. எந்திரம் தரையில் நின்றதே ஒழிய, சொல் தரையில் நிற்கவில்லை. மேற்கு நாடுகளிலே ஜெற் சேவை இல்லாத அந்த நான்கு ஆண்டுகளில்தான் அந்தச் சொல் மிகுதியாக விற்பனையாயிற்று. அதைச் சுமந்து விற்றது டர்போபுரொப்.

பிரித்தானியக் கம்பனிகள் தம் விமானத்தை ‘ஜெற்-புரொப்’ என்றன. அமெரிக்கக் கம்பனிகள் ‘புரொப்-ஜெற்’ என்றன. இரண்டும் ஒன்றுதானே என வாசகர் எண்ணலாம். தமிழிலக்கணம் கற்றவர் அவ்வாறு எண்ணார். தொகைச்சொல் ஒன்றின் பொருள் முன்மொழியிற் சிறக்கலாம், பின்மொழியிற் சிறக்கலாம், எல்லா மொழியிலுஞ் சிறக்கலாம், அவற்றுக்குப் புறம்பான மொழியிலுஞ் சிறக்கலாம் என்று நன்னூல் கற்பிக்கிறது. ‘ஜெற்-புரொப்’ என்பதிலே பொருள் பின்மொழியில் நிற்கிறது: அது ஒரு புரொப்; ஜெற்றின் எஞ்சினால் ஓடும் விசிறி. ஒப்புக்கொள்ளலாம். ‘புரொப்-ஜெற்’ என்று திருப்பிப் போட்டதும் விசிறி அடைமொழியாகிறது. அது ஒரு ஜெற் ஆகிவிடுகிறது! ஒரு சிறு கோட்டின் இருபுறமும் இரண்டு சொற்களை இடம் மாற்றி வைத்ததில், மணிக்கு முந்நூற்றுச் சொச்சம் மைல் போகும் விமானம், ஐந்நூறு மைலுக்கு மேற் போகும் விமானத்தின் குடும்பத்திலே தத்துப்பிள்ளையாகச் சேர்ந்துவிட்டது. இதன் உண்மைப் பொருள் நன்னூலார் சொன்ன நான்காம் இடத்தில், புறமொழியில் இருக்கிறது என்பதே நமது துணிபு. அந்தப் புறமொழி: பயணச்சீட்டுப் பணம்.

இந்தச் சறுக்குப் பாதையில் இன்னும் கீழே போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களில் பொனன்சா என்றொரு சிறு கம்பனி இருந்தது. அது பழைய டக்கோட்டாக்களை விற்றுவிட்டு, ஃபொக்கர் எஃப்-27 என்னும் இரட்டை டர்போபுரொப் விமானங்களை மட்டும் வைத்துக்கொண்டது. நல்ல விமானம், இறகு மேலே இருப்பதால் எந்த யன்னலிலும் நிலம் தெரியும். பொனன்சா என்ன விளம்பரம் செய்தது? அமெரிக்காவின் ‘முழுதும் ஜெற் வலு’ கொண்ட முதற் கம்பனி தானே என்றது. ஒரு ஜெற்றுக்கூட அதனிடம் அப்போது இல்லை. கலிபோர்னியாவில் பீ.எஸ்.ஏ. என்னும் கம்பனி நான்கு பெரிய விசிறிகள் சுழலும் எலெக்ட்ராவுக்கு ‘சுப்பர் எலெக்ட்ரா ஜெற்’ என்று பெயர் சூட்டிற்று. நான்கு விசிறிகளும் பிரயாணியின் கண்முன்னே சுழல்கின்றன. ‘ஜெற்’ என்கிறது பெயர். கண்ணை நம்புவதா, எழுத்தை நம்புவதா?

“எஞ்சினுக்குள் இருப்பது ஜெற்றில் உள்ள அதே டர்பைன்தானே, ஜெற் வலு என்றால் பொய்யா?” என்று எந்திரம் தெரிந்த அன்பர் கேட்பார். பொய் அன்று. அதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். நீதிமன்றத்திலே பிடிபடாத அளவுக்கு உண்மை, பயணச்சீட்டு விற்கிற அளவுக்குப் பொய். எந்திரவியலாளருக்கு ஒரு பொருள், பிரயாணிக்கு இன்னொரு பொருள் என்று அறிந்தே ஒரு சொல்லை வழங்குவதைத் தமிழாசிரியர் சிலேடை என்போம். கவிதையில் அது அணி. கடையில் அது என்ன?

எல்லா விளம்பரத்தையும் ஒரே கயிற்றிற் கட்டுவதும் நியாயமன்று. 1957இல் இஸ்ரேலின் எல் ஆல் கம்பனி பிரிட்டானியா விமானங்களை அத்திலாந்திக்கின்மேல் ஓட்டத் தொடங்கியபோது, டோயில் டேன் பேர்ன்பாக் என்ற நியூயோர்க் நிறுவனம் அதற்கு ஒரு விளம்பரம் செய்தது. படத்திலே விமானம் இல்லை. அழகிய பணிப்பெண்ணும் இல்லை. கடல் மட்டும். அந்தக் கடற்படத்தின் ஒரு விளிம்பு கையாற் கிழித்து அகற்றப்பட்டிருந்தது. டிசம்பர் 23 முதல் அத்திலாந்திக் சமுத்திரம் 20 சதவீதம் சிறிதாகும் என்றது வாசகம். வேகத்தை அது அளந்து சொன்னது. இரவற் பெயர் எதையும் வாங்கவில்லை. இதை மாட்டுகிறவர் சுவரிலே நாம் குறை காணோம். திறமையும் நேர்மையும் ஒருசேர இருத்தல் இயலும் என்பதற்கு அதுவே சாட்சி; ஆகவே மற்றையோர் “விளம்பரமென்றால் அப்படித்தான்” என்று தப்பிக்க வழியில்லை.

அதே பிரிட்டானியாவைப் பீ.ஓ.ஏ.சி. விற்ற கதை வேறு. ‘முணுமுணுக்கும் பூதம்’ என்று பொருள்படும் செல்லப்பெயர் அதற்கு இருந்தது. தரையில் நின்று கேட்போர்க்கு அதன் ஓசை குறைவு என்பது மெய். ஆனால் 1956இல், வெப்ப வலயத்து மேகங்களுக்குள் பறந்தபோது, அதன் புரோத்தியஸ் எஞ்சின்களின் காற்றுக்குழாயிற் பனிக்கட்டி படிந்து சுவாலை அணைவதைச் சோதனைப் பறப்புகளிற் கண்டனர். அணைந்த சுவாலையை உடனே மீண்டும் பற்றவைக்கும் உபாயம் ஒன்றைப் பொருத்தி, 1957 பெப்ரவரி 1இலேதான் ஜொகன்னஸ்பேர்க் சேவையைத் தொடங்க முடிந்தது. எந்திரவியலாளர் பூதத்தின் மூச்சுத் திணறலைத் தீர்க்க மாதக்கணக்காக உழைத்தனர். அவ்வுழைப்பின் ஒரு துளியையேனும் பெருமையோடு சொல்லியிருக்கலாம். முணுமுணுப்பு மட்டுமே விலைபோயிற்று. அது சென்றடைந்த ஜொகன்னஸ்பேர்க்கில் நிறவெறி சட்டமாக இருந்தது. அந்நாளைய அமெரிக்காவின் தென்மாநில விமான நிலையங்கள் பலவற்றிலே உணவுச்சாலையும் காத்திருக்கும் அறையும் கறுப்பருக்கு வேறாகவே இருந்தன. நாம் கண்ட விளம்பரங்களில், பெரிய யன்னலோரம் அமர்ந்து புன்னகை செய்வோர் வெள்ளையர் மட்டுமே. உலகத்தைச் சுருக்குவதாகச் சொன்னவர்கள் அதை யாருக்காகச் சுருக்கினார்கள் என்பதும் அந்தப் படங்களிலே தெரிகிறது.

இதுவரை சொன்னது சொல்லின் குற்றம். சொல்லின் குற்றத்தால் எவரும் சாவதில்லையே என்று சிலர் சிரிக்கக்கூடும். அவர்களை எலெக்ட்ராவினிடம் அழைத்துச் செல்கிறோம்.

லொக்ஹீட் கம்பனியின் எலெக்ட்ரா, அமெரிக்காவிற் கட்டப்பட்ட முதற் பெரிய டர்போபுரொப் பிரயாணி விமானம். 1957 டிசம்பரிற் பறந்தது. 1959 ஜனவரி 12இல் ஈஸ்டர்ன் கம்பனியும், அதே மாதம் 23இல் அமெரிக்கன் கம்பனியும் அதைச் சேவையில் இட்டன. மணிக்கு நானூறு மைல் வேகம். அதிர்வற்ற பயணம் என்ற விஸ்கவுண்டின் பழைய வாக்குறுதி, இங்கே இன்னும் பெரிய எழுத்தில். ஆனால் சேவை தொடங்கிய கையோடு பிரயாணிகள் முறையிட்டனர்: விசிறிகளுக்கு நேரே உள்ள ஆசனங்கள் அதிர்கின்றன! லொக்ஹீட் எஞ்சின் கூடுகளைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திக் கொடுத்து அந்த அதிர்வைத் தணித்தது. மேசைமேல் நாணயம் நிறுத்த அவாவியோர் சில மாதம் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னோர் அதிர்வு இருந்தது. அதை ஆசனத்தில் இருந்தவர் எவரும் முறையிட முடியவில்லை. 1959 செப்டெம்பர் 29 இரவு, பிரானிஃப் கம்பனியின் எலெக்ட்ரா ரெக்சாஸ் மாநிலத்தில் பஃபலோ என்னும் சிற்றூருக்கருகே வானிலேயே சிதைந்தது. 34 பேர் இறந்தனர். 1960 மார்ச் 17இல் நோர்த்வெஸ்ற் கம்பனியின் எலெக்ட்ரா இந்தியானா மாநிலத்தில் அவ்வாறே இறகு கழன்று வீழ்ந்தது. 63 பேர். (அதற்குமுன் 1959 பெப்ரவரி 3இல் நியூயோர்க்கின் ஈஸ்ற் நதியில் வீழ்ந்து 65 பேர் மாண்டனர், அதன் காரணம் வேறு. அதை இந்தக் கணக்கிற் சேர்ப்பது நியாயமாகாது.)

காரணத்தைக் கண்டுபிடித்த விதம் படிக்கத் தக்கது. லொக்ஹீட் மட்டுமன்றி, அதன் போட்டிக் கம்பனிகளாகிய போயிங்கும் டக்ளசும் எந்திரவியலாளரைக் கொடுத்து உதவின. நாசாவின் லாங்லி நிலையத்துக் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துச் சோதித்தனர். கண்டது இது: வெளிப்புற எஞ்சினைத் தாங்கும் கட்டுகள் எக்காரணத்தாலோ பலவீனமடைந்தால், சுழல்விசிறி, வேகம் தளர்ந்த பம்பரத்தைப் போலத் தள்ளாடத் தொடங்குகிறது. அந்தத் தள்ளாட்டத்தின் வேகம் இறகின் இயல்பான அதிர்வு வேகத்தோடு ஒத்துப்போகும் கணத்தில், இறகு அதனோடு சேர்ந்து அடிக்கிறது. அடித்து, அடித்து, முறிகிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆராய்ச்சிச்சாலையில் அவர்கள் இரவுபகலாக ஆராய்ந்த பொருளின் பெயர் ‘அதிர்வு’. விளம்பரத்தில் இல்லை என்று சத்தியம் செய்யப்பட்டதும் அதே அதிர்வுதான்.

காரணம் தெளிவாகும் முன்னரே கேள்வி எழுந்தது: விமானங்களைத் தரையிலே நிறுத்துவதா, இல்லையா? இந்தியானாவின் செனட்டர் வான்ஸ் ஹார்ட்கே நிறுத்து என்றார். விமானத்துறை அதிபர் எல்வூட் கெசாடா மறுத்தார். 225 நொட் வேகத்துக்கு மேற் போகலாகாது என்று மட்டுப்படுத்தி, பரிசோதனைகளை விதித்து, பறக்கவிட்டார். அந்த வேகத்திலே எந்த எலெக்ட்ராவும் இறகு கழன்று விழவில்லை. ஆகவே அவர் சரி என்பாருமுளர். முடிவு நல்லதாயிற்று, மகிழ்ச்சி. நமது கேள்வி வேறு. காரணம் இன்னதென்று உறுதியாகத் தெரியாத அந்த மாதங்களிலும் ஆசனங்கள் விற்கப்பட்டன. வேகத்துக்காகவும் அதிர்வின்மைக்காகவும் விற்கப்பட்ட விமானம் அது. இப்போது வேகம் தடைசெய்யப்பட்டது, அதிர்வோ கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டு நின்றது. பிரயாணி பின்னே எதை வாங்கினார்? ஐயத்தையா? ஐயத்துக்கு என்ன கட்டணம்?

லொக்ஹீட் தன் செலவிலேயே ஒவ்வொரு விமானத்தையும் திரும்ப எடுத்து, எஞ்சின் கட்டுகளையும் இறகையும் பலப்படுத்திக் கொடுத்தது. 1961இன் தொடக்கத்தில் வேகத்தடை நீங்கிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 170 விமானங்களோடு எலெக்ட்ராவின் உற்பத்தி நின்றது. அந்த 1960ஆம் ஆண்டிலேயே கே.எல்.எம்.மின் எலெக்ட்ரா எயார் சிலோனின் பெயரால் நமது நாட்டுக்கும் வந்தது என்பதை இடையிலே குறிப்பிட்டுச் செல்கிறோம். எந்திரம் கெட்டதன்று. பலப்படுத்திய பின் அது பல பத்தாண்டு உழைத்தது. கனடாவில் காட்டுத்தீயின்மேல் மருந்து தெளிக்கும் வேலையை இந்த நூற்றாண்டிலுஞ் செய்தது. அதன் வழிவந்த ஒறையன் என்னும் கடற்காவல் விமானம் பல நாட்டுப் படைகளில் இருந்தது. பிரயாணிகள் கைவிட்ட எந்திரத்தைத் தீயணைப்போரும் கடற்படையினரும் கைவிடவில்லை. அவர்கள் விளம்பரம் பார்த்து வாங்கியவர்களல்லர்.

சோவியத் நாட்டைச் சொல்லாமல் விட்டால் பட்சபாதம் என்பீர்கள். 1959 செப்டெம்பரில் குருஷேவ் வாஷிங்டனுக்குப் போனது டுப்பொலெவ் 114 என்னும் பிரம்மாண்டமான டர்போபுரொப்பில். அது மிக உயரமாக நின்றதால் அமெரிக்கரின் ஏணி எட்டவில்லை என்ற செய்தியே ஒரு விளம்பரமாகப் பயன்பட்டது. அந்த விமானத்துள் இருந்த இரைச்சலையும் அதிர்வையும் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை. கட்டணம் வாங்கும் கம்பனி மட்டுமே மிகைப்படுத்தும் என்று நாம் எங்கும் சொல்லவில்லை.

இரவற் பெயர் வாங்கியவன் ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1958 ஒக்டோபரில் திருத்தியமைத்த கொமெற்றும், அதே மாதம் 26இல் பான் அமெரிக்கனின் போயிங் 707உம் அத்திலாந்திக்கைக் கடந்தன. சொந்தக்காரன் வந்துவிட்டான்! இப்போது கம்பனிகளுக்கு ஒரு தர்மசங்கடம்: இதுவரை விற்றதும் ஜெற் என்றால், இனி விற்பது என்ன? ஒரு புதிய அடைமொழி கண்டுபிடித்தனர்: ‘தூய ஜெற்’. பாற்கடையில் ‘தூய பால்’ என்று பலகை தொங்கினால், நேற்றுவரை ஊற்றியது என்ன என்று வீட்டுக்காரி கேட்கமாட்டாளா? பிரயாணியும் கேட்டார். விசிறியைக் கண்டார், ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார். டர்போபுரொப் தன் சொந்தப் பெயரோடு வந்திருந்தால், குறுந்தூரத்துக்குச் சிக்கனமான, குலுங்காத, நம்பகமான விமானம் என்று தனக்குரிய இடத்தில் மரியாதையோடு நின்றிருக்கும். ஜெற்றின் வேடத்திலே வந்ததனால், வேடம் கலைந்தபோது எஞ்சியது தோற்றுப்போன ஜெற் என்ற பெயர்.

இதனால் முதலிற் கெட்டவர்களில் வாஷிங்டனின் கப்பிற்றல் கம்பனியுமொன்று. அது விக்கர்சிடம் கடனுக்கு 60 விஸ்கவுண்டுகளை வாங்கிற்று. 1955 யூலையில் வாஷிங்டன் - சிக்காகோ வழியிலே ஓட்டியபோது கூட்டம் அலைமோதிற்று. போட்டிக்காரர் பிஸ்டன் விமானங்களோடு திகைத்து நின்றனர். பின்னர் அவர்கள் எலெக்ட்ராவும் தூய ஜெற்றும் வாங்கியபோது, கப்பிற்றலின் விஸ்கவுண்ட் ஒரே இரவிலே கிழவியாகிவிட்டது. விமானம் நேற்றிருந்தபடியேதான் இருந்தது. நாணயம் இன்றும் மேசைமேல் நிற்கும். 1960இல் விக்கர்ஸ் கடனுக்காக வழக்குத் தொடர்ந்தது. 1961 யூன் 1இல் யுனைற்றெட் கம்பனி கப்பிற்றலை விழுங்கிற்று.

பழைய விளம்பரங்களைச் சுவரில் மாட்டுவோர் மாட்டட்டும். மாணவர்க்கு அவற்றைக் காட்டுங்கள் என்றுகூட நாம் சொல்வோம். உயர்வகுப்பிலே தொகைச்சொல் கற்பிக்கும்போது ‘புரொப்-ஜெற்’ நல்ல உதாரணம். ஆனால் பக்கத்திலே பஃபலோ ஊரின் பெயரையும், இந்தியானாவின் பெயரையும் எழுதி மாட்டுங்கள். அது அலங்காரத்துக்குப் பொருந்தாது என்று கழற்றிவிட வேண்டாம்.

அன்று மாலையே பெரியப்பா சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். விசிறிக்குப் பக்கத்து ஆசனமாம், காதுக்குள் இரைச்சல். ஆனால் யன்னலாலே கடல் முழுவதும் தெரிந்ததாம்; சவாரி சுகமாம். கண்ணுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றார். பின்பு சற்றுத் தயங்கி, “வரேக்கை ஜெற் இருக்குமோ எண்டு ஒருக்கால் விசாரிச்சுப் பார் தம்பி” என்றார்.